சந்தேகம்னு எழுத டவுட் போடணுமா சஸ்பெக்ட் போடணுமா? ஒரே மெயில்ல ஆறு விளக்கு காசு போற நெலமை

அரசலாறு_26:

வணக்கம். இங்க இங்கிலீஷ் நல்லா தெரிஞ்சவங்க நெறைய பேர் இருக்கீங்க, அதான் கேக்குறேன். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கங்க.

நாச்சியார்கோவில்ல குத்துவிளக்கு வெளிநாட்டுக்கு அனுப்புற ஒரு சின்ன ஆபீஸ்ல ரெண்டு வருஷமா வேலை பாக்குறேன். பில்லு, பேக்கிங் லிஸ்ட், வெளிநாட்டு மெயில் எல்லாம் நான்தான். ப்ளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியம், அப்புறம் பி.காம். வர்ற மெயிலைப் படிச்சா புரிஞ்சுடும், பதில் எழுதுறப்பதான் தமிழ்ல யோசிச்சு இங்கிலீஷ்ல மாத்திப் போடுறேன், அதுலதான் இப்ப வினை வந்துடுச்சு.

போன மாசம் இங்கிலாந்துல ஒருத்தருக்கு மூணடி விளக்கு நாப்பது அனுப்புனோம். போய்ச் சேந்ததுல ஆறு அடி வாங்கிடுச்சு. ரெண்டுல உச்சியில இருக்குற அன்னத்தோட கழுத்து ஒடிஞ்சு தனியா கெடக்குது, மத்த நாலுலயும் தண்டுல மரை நசுங்கிப்போய் தட்டு திருகவே மாட்டேங்குதுன்னு போட்டோ அனுப்பியிருந்தாரு. எங்க பத்தர் அந்த போட்டோவ பெருசு பண்ணிப் பாத்துட்டு, இது ஒசரத்துலேந்து தூக்கிப் போட்ட அடி, பொட்டிக்குள்ள ஆடுனா பித்தளை மரை இப்படி நசுங்காதுன்னு அடிச்சு சொல்லிட்டாரு. அவரு நாப்பது வருஷமா வார்ப்பு வேலை செய்யிறவரு, அவரு சொன்னா நான் நம்புவேன். அதனால நான் எழுதுனது இதுதான்: வீ டவுட் தட் தி டிரான்ஸ்போர்ட் பீப்பிள் ட்ராப்டு தி பாக்ஸஸ். மனசுல இருந்தது, டிரான்ஸ்போர்ட்காரங்க கீழ போட்டிருப்பாங்கன்னு சந்தேகப்படுறோம், அவ்வளவுதான்.

அவரு பதில் என்னன்னா, டிரான்ஸ்போர்ட்காரங்க போட்டிருக்க மாட்டாங்கன்னு நீங்களே சொல்றீங்க, அப்ப பேக்கிங் கோளாறுதான், ஆறு விளக்கு காசக் கழிச்சுக்குறேன்னு. ஓனரு கூப்பிட்டு நீ என்னம்மா எழுதுனன்னு கேட்டாரு. நாலு தடவ படிச்சுப் பாத்தேன், எனக்கு எதுவும் தப்பாத் தெரியல.

அப்புறம் பழைய மெயில் எல்லாம் எடுத்துப் பாத்தேன். ஆர்டர் குடுக்குறப்பவே அவரு, ஐ ஹேவ் சம் டவுட்ஸ் அபௌட் தி பேக்கிங்னு எழுதியிருக்காரு. நான், ப்ளீஸ் ஆஸ்க் யுவர் டவுட்ஸ், வீ வில் கிளியர்னு போட்டிருக்கேன். அவரு எதுவுமே கேக்கல. அடுத்த மெயில்ல ஐயாம் எ பிட் டூபியஸ்னு ஒரு வரி, அதை நான் சும்மா விட்டுட்டேன். மொத ஆர்டர் வந்தப்ப சந்தோஷத்துல நம்ப முடியலன்னு சொல்ல நெனச்சு, வீ ஆர் இன்கிரெடிபிள் டு கெட் திஸ் ஆர்டர்னு வேற எழுதியிருக்கேன். அதுவும் தப்பாத்தான் இருக்கும்னு இப்ப தோணுது.

போன்ல இருக்குற டிக்ஷனரில பாத்தா டவுட், சஸ்பெக்ட், டூபியஸ், ஸ்கெப்டிகல் எல்லாத்துக்கும் சந்தேகம்னே வருது, இன்கிரெடிபிள், இன்கிரெடுலஸ், அன்பிலீவபிள், இம்ப்ளாசிபிள் எல்லாத்துக்கும் நம்ப முடியாதன்னே வருது. இதெல்லாம் எப்படித்தான் பிரிச்சுப் பாக்குறது? வெள்ளிக்கெழமைக்குள்ள அவருக்குப் பதில் எழுதணும். தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மாயவரம்_வாத்தியார்:

அம்மா, முப்பத்தொரு வருஷம் இங்கிலீஷ் பாடம் நடத்திட்டு இப்ப வீட்டுல இருக்கேன். நீ எழுதுன வாக்கியத்துல இலக்கணப் பிழை ஒண்ணு கூட இல்ல. அதனாலதான் அவருக்கு அதுல சந்தேகமே வரல. அரைகுறையா இருந்திருந்தா, என்ன சொல்ல வர்றாங்கன்னு திருப்பிக் கேட்டிருப்பாரு. சுத்தமான வாக்கியம், நீ நெனச்சதுக்கு நேர் எதிர் அர்த்தம்.

ஐ டவுட்னு ஆரம்பிச்சா அதுக்குப் பின்னாடி வர்ற சங்கதி நடக்கலன்னு நீ நினைக்கிற. ஐ சஸ்பெக்ட்னு ஆரம்பிச்சா பின்னாடி வர்ற சங்கதி நடந்துச்சுன்னு நினைக்கிற. நிச்சயம் ரெண்டுலயும் இல்ல, ஆனா தராசு சாயுற பக்கம் வேற. நம்ம தமிழ்ல சந்தேகம்ங்கிற ஒரே சொல்லு ரெண்டு பக்கமும் சாயும், அதுலதான் நம்ம பிள்ளைங்க எல்லாருமே விழுறாங்க, உன் தப்பு மட்டும் இல்ல.

நெல்லு கொள்முதல் நிலையத்துல குவியல் போட்டுட்டு நிக்கிற ஒரு விவசாயிய நெனச்சுக்க. ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள்ள இருக்கணும். ராத்திரி பனி வேற. விடியக்காலையில குவியலுக்குள்ள கைய விட்டு ஒரு பிடி அள்ளி, நாலு மணிய பல்லுல வெச்சு கடிச்சுப் பாக்குறாரு. நல்லா காஞ்ச நெல்லுன்னா டக்குன்னு ஒடையும், ஈரம் இருந்தா நசுங்கும். பாத்துட்டு அவரு, இது பதினேழுக்குள்ள நிக்குமாங்கிறது சந்தேகம்தான்ங்கிறாரு. அது டவுட். செத்த நேரம் கழிச்சு, அடியில ஈரம் ஏறியிருக்குமோன்னு சந்தேகமா இருக்குங்கிறாரு. அது சஸ்பெக்ட். கையில இருக்குறது ஒரே நெல்லு, மனசுல இருக்குறது ஒரே பயம், சொல்லுறதும் அதே சந்தேகம்தான். முன்னாடி நிக்கிற எழுத்த மட்டும் பாரு. நிக்குமாவுல ஒரு ஆ, ஏறியிருக்குமோவுல ஒரு ஓ. நம்ம மொழியில அந்த ஆவும் ஓவும் பாக்குற வேலைய அங்க வினைச்சொல்லே பாக்குது. அவன் மேல எனக்கு சந்தேகம்னு மேல போட்டுச் சொன்னா அதுவும் சஸ்பெக்ட் பக்கம்தான்.

ஓ வந்துட்டாலே சஸ்பெக்ட்தான்னு மனப்பாடம் பண்ணிடாத. வருவானோ மாட்டானோன்னு ரெண்டையும் சேத்துச் சொன்னா அது எந்தப் பக்கமும் சாயல, அதுக்கு ஐயாம் நாட் ஷூர்னு எழுதணும். எழுதுறதுக்கு முன்னாடி மனசுக்குள்ள சந்தேகத்தை எடுத்துட்டு, நடந்திருக்கும்னு நினைக்கிறேன், நடந்திருக்காதுன்னு நினைக்கிறேன், இதுல எது ஒட்டுதுன்னு பாரு. நடந்திருக்கும் ஒட்டுனா சஸ்பெக்ட். உன் மெயில்ல அதுதான் ஒட்டுது.

டூபியஸுக்கு வர்றேன். லத்தீன்ல இரண்டுக்கு டுவோன்னு பேரு, அந்தக் குடும்பத்துலேந்து வந்த சொல்லுதான் டூபியஸும் டவுட்டும். நம்ம ஊர்ல பொண்ணு பாத்துட்டு வந்து, எனக்கு ரெண்டு மனசா இருக்குன்னு சொல்லுவாங்கல்ல, கிட்டத்தட்ட அதேதான். ஆனா இங்கிலாந்துக்காரங்க எ பிட் டூபியஸ்னு எழுதுனா அந்த எ பிட்ட பாத்து சின்ன விஷயம்னு நெனச்சுடக் கூடாது. மரியாதைக்குப் போடுறது அது. எனக்கு இது பிடிக்கல, மாத்துங்கன்னு அர்த்தம். உன்னோட பேக்கிங்க பத்தி அவரு ஆர்டர் குடுக்குறப்பவே ரெண்டு தடவ சொல்லியிருக்காரு, நீ அதை கேள்வின்னு நெனச்சுட்ட. அதைச் சொல்லாம விட்டா உனக்கு நல்லதில்ல, அதான் சொல்றேன்.

டவுட்ல வாயில வராத ஒரு பி நடுவுல நிக்குதே, அது பழைய இங்கிலீஷ்காரங்க எழுதுனதுல கெடையாது. பிரெஞ்சுலேந்து வாங்குனப்ப பி இல்லாமதான் எழுதுனாங்க. பின்னாடி வந்த படிச்சவங்க லத்தீன் மூலத்துல பி இருக்கேன்னு பாத்து எழுத்துல மட்டும் சேத்துட்டாங்க. என் வகுப்புல ஒவ்வொரு வருஷமும் ஒரு பிள்ளையாவது டவுப்ட்னு படிக்கும், இந்தக் கதைய சொன்னா அப்புறம் மறக்காது.

பாபநாசம்_டீச்சர்:

வாத்தியார் ஐயா சொன்னது அத்தனையும் சரி, ஒண்ணே ஒண்ணு மட்டும் சேத்துக்குறேன். டீச்சர் ஐ ஹேவ் எ டவுட்னு பிள்ளைங்க கையத் தூக்குறது தப்புன்னு சொல்லி சிலர் அதட்டுறாங்க, எனக்கு அது மனசுக்கு ஒப்பல. இந்தியா முழுக்க கோடிக்கணக்கான பேரு கேள்வின்னு நெனச்சுத்தான் அதைச் சொல்றோம், கேக்குறவங்களுக்கும் அப்படியே புரியுது. டவுட் கிளியர் பண்றதுன்னா பாடத்துல புரியாததக் கேட்டுத் தெரிஞ்சுக்கறது, அது நம்ம இங்கிலீஷ்ல நிலைச்சுப்போன வழக்கு, அதுல வெக்கப்பட எதுவும் இல்ல.

ஆனா கடல் தாண்டிப் போற மெயில்ல வேணாம். ஒரு இங்கிலாந்துக்காரர்கிட்ட ஐ ஹேவ் எ டவுட்னு சொன்னா, நீங்க சொன்னதுல எனக்கு நம்பிக்கை இல்லன்னு கேக்கும். அந்த எடத்துல ஐ ஹேவ் எ கொஸ்டின்னு போட்டா போதும். இன்னொன்னு, நம்ம ஆளுங்க ஐயாம் டவுட்டிங் ஹிம்னு எழுதுவாங்க, அவன் மேல சந்தேகம்னு அர்த்தத்துல. அதுவும் அங்க போனா வேற மாதிரி ஆயிடும், அவன் பேச்ச நம்பலங்கிற அளவுக்குத்தான் போகும், அவன்தான் செஞ்சான்னு போகாது.

திருவாரூர்_லோடு:

தங்கச்சி, நான் இருபது வருஷமா சரக்கு ஏத்தி எறக்குற வேலையில இருக்கேன், இங்கிலீஷ் உங்க அளவுக்கு வராது ஆனா கிளைம் மெயில் நெறைய பாத்திருக்கேன். சஸ்பெக்ட்னு எழுதுனா அர்த்தம் சரியா வரும், ஆனா டிரான்ஸ்போர்ட் பீப்பிள்னு ஆளச் சொல்லாதீங்க. ஆளச் சொன்னா நிரூபிக்கணும். பெட்டி லோடிங்லயோ அன்லோடிங்லயோ கீழ விழுந்திருக்கும்னு சம்பவத்தைச் சொல்லுங்க, யாருன்னு சொல்லாதீங்க. இன்னும் மெதுவா வேணும்னா இட் அப்பியர்ஸ்னு ஆரம்பிக்கலாம்.

அப்புறம் முக்கியமா, அவரு சரக்கு வாங்குனப்ப வெளிப்பெட்டி மூலை நசுங்கியிருந்துச்சா, டெலிவரி ரசீதுல அதை எழுதி வாங்குனாரான்னு கேளுங்க. பெட்டிக்கு வெளியில காயம் இருக்கா இல்லையாங்கிறதுலதான் இந்த மாதிரி கேஸ் பாதி முடிவாகும். உள்ள இருக்குற விளக்கு போட்டோ மட்டும் பத்தாது.

அரசலாறு_26:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. வாத்தியார் ஐயா, அந்த நிக்குமா, ஏறியிருக்குமோவ படிச்சதும் எனக்கு ஒடம்பு ஒரு மாதிரி ஆயிடுச்சு. எங்கப்பா ஒவ்வொரு அறுவடைக்கும் இதே ரெண்டு வாக்கியத்தையும் மாத்தி மாத்திச் சொல்லுவாரு, காதுல விழுந்துக்கிட்டேதான் இருந்திருக்கு, ஒரு நாளும் கவனிச்சதில்ல. நேத்து ராத்திரி ஒக்காந்து பழைய மெயில்ல டவுட்னு நான் எழுதுன எடத்த எல்லாம் எண்ணிப் பாத்தேன், பதினாலு எடம். அதுல ஒம்போது எடத்துல சஸ்பெக்ட் வரணும், மூணுல கொஸ்டின் வரணும், ரெண்டே ரெண்டுலதான் டவுட் சரி. அவங்க எல்லாம் என்ன நெனச்சிருப்பாங்கன்னு யோசிச்சா தூக்கமே வரல.

திருவாரூர் அண்ணா, ரசீது விஷயம் கேட்டு எழுதிடுறேன்.

இந்த நம்ப முடியாத கூட்டம் மட்டும் இன்னும் பாக்கி இருக்கு. இன்கிரெடிபிள், இன்கிரெடுலஸ் ரெண்டும் ஒண்ணுதானா? யாராவது சொல்லுங்க.

குடந்தை_கணக்கு:

நான் கணக்கு வாத்தியார், இங்கிலீஷ் இல்ல, ஆனா இந்தக் கூட்டத்துக்கு நம்ம ஊரு ஆளு ஒருத்தரோட கதையே போதும், சாரங்கபாணி சன்னதித் தெருவுல வளர்ந்த ராமானுஜன் கதை. பிள்ளைங்களுக்கு நான் கணக்குக்காகச் சொல்றது, இன்னைக்கு இங்கிலீஷுக்காகச் சொல்றேன்.

1913 ஜனவரி 16ஆம் தேதி சென்னைத் துறைமுகத்துல குமாஸ்தாவா இருந்த ராமானுஜன் கேம்பிரிட்ஜுல இருக்குற ஹார்டிங்கிற கணக்கு அறிஞருக்கு ஒரு கடுதாசி போடுறாரு. நிரூபணம் எதுவும் இல்லாம சூத்திரமா அடுக்கி அடுக்கி எழுதின தாளு. அதுக்கு முன்னாடி அங்க வேற ரெண்டு பெரிய கணக்கு அறிஞருங்களுக்கும் எழுதிப் பாத்து ஒண்ணும் நடக்கல. ஹார்டி மொதல்ல பிரிச்சுப் பாத்தப்ப இது ஏதோ ஏமாத்து வேலையோன்னுதான் நெனச்சிருக்காரு. அந்த நிமிஷம் ஹார்டி இன்கிரெடுலஸ். நம்ப மாட்டேங்கிற ஆளு, நம்பாத மூஞ்சி. இந்தச் சொல்லு மனுஷனுக்கும் மனுஷனோட பார்வைக்கும் குரலுக்கும்தான் வரும், சேதிக்கு வராது. இன்கிரெடிபிள்ங்கிறது சேதிக்கு, பொருளுக்கு, நம்ப முடியாததுன்னு. ரெண்டுமே லத்தீன்ல நம்புறதுங்கிற ஒரே வினையிலேந்து வந்தது. தமிழ்ல நம்ப முடியாத கடுதாசி, நம்பாத ஆளுன்னு சொல்றோம்ல, அந்த முடியாத எங்க இருக்கோ அங்க இபிள், அது இல்லாத எடத்துல உலஸ்.

இன்கிரெடிபிள ஆளுக்குப் போட்டா வேற அர்த்தம் ஆயிடும், அபாரமான ஆளுன்னு. நம்ம சுற்றுலாத் துறை 2002லேந்து இன்கிரெடிபிள் இந்தியான்னு போடுறது அந்த அர்த்தத்துலதான். நீங்க எழுதுன வீ ஆர் இன்கிரெடிபிள்னா, நாங்க அபாரமானவங்கன்னு நீங்களே சொல்லிக்கிட்ட மாதிரி. சந்தோஷத்துல நம்ப முடியலன்னு சொல்ல, வீ ஆர் த்ரில்டு, இல்லன்னா வீ குட் ஹார்ட்லி பிலீவ் இட்.

கதைக்கு வர்றேன். அந்தக் கடுதாசியில இருந்த சூத்திரம் சிலது பாக்குறதுக்கே ஒட்டாம இருந்துச்சு. பிப்ரவரி 27ல எழுதுன அடுத்த கடுதாசியில 1ம் 2ம் 3ம் 4ம் இப்படியே முடிவில்லாம கூட்டிக்கிட்டே போனா மைனஸ் பன்னெண்டுல ஒரு பங்குன்னு எழுதுறாரு. இதைச் சொன்னா நீங்க என்னை பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு வழிகாட்டுவீங்கன்னு அவரே அதுல எழுதியிருக்காரு. இதுக்குச் சொல்லு இம்ப்ளாசிபிள். ப்ளாசிபிள்ங்கிறது லத்தீன்ல கைதட்டுறதுங்கிற வினையிலேந்து வந்தது. பட்டிமன்றத்துல ஒருத்தர் பேசினதும் சபை சரிதான்னு தட்டுதே, அந்த மாதிரி ஒரு பேச்சு. அந்தத் தட்டு கெடைக்காத பேச்சு இம்ப்ளாசிபிள். கேக்குறவன் கேனையனா இருந்தா கேப்பையில நெய் வடியுதுன்னு சொல்லுவாங்கல்ல, அந்த கேப்பை நெய்யி இம்ப்ளாசிபிள். ஆனா மைனஸ் பன்னெண்டுல ஒரு பங்கு, சாதாரணக் கூட்டல்ல வராட்டாலும் வேற ஒரு முறையில சரியா வருது, இன்னைக்கு பௌதிகத்துலகூட பயன்படுது. அதனால இம்ப்ளாசிபிள்னா பொய்யின்னு அர்த்தம் இல்ல, கேட்ட மாத்திரத்துல ஒட்டலன்னுதான் அர்த்தம்.

அதுக்குப் பக்கத்து வீடு இம்ப்ராபபிள். காலேஜ் பரீட்சையில கணக்கு தவிர மத்த பாடத்துல தவறிப்போன ஒரு குமாஸ்தா உலகத்துலயே பெரிய கணித மேதையா இருக்குறது இம்ப்ராபபிள், லட்சத்துல ஒண்ணு. அதுல ஒட்டாததுன்னு ஒண்ணும் இல்ல, அபூர்வம், அவ்வளவுதான். இம்ப்ளாசிபிள் கதையோட கட்டுமானத்தைப் பத்தி, இம்ப்ராபபிள் வாய்ப்போட அளவைப் பத்தி. என் பிள்ளைங்ககிட்ட ப்ராபபிலிட்டி பாடத்துல இதைத்தான் சொல்லுவேன்.

மொத கடுதாசி வந்த அன்னைக்கு சாயங்காலம் ஹார்டி தன்னோட சிநேகிதர் லிட்டில்வுட்ட கூப்பிட்டு ரெண்டு பேருமா ஒக்காந்து அந்தத் தாள ஒவ்வொண்ணா சோதிச்சுப் பாத்தாங்க. அந்த நேரம் அவங்க ஸ்கெப்டிகல். நம்பவும் இல்ல, தள்ளியும் விடல, காட்டு பாக்குறேன்ங்கிற நெலமை. முடிவுல ஹார்டிக்கு நம்பிக்கை வந்துடுச்சு. இதெல்லாம் உண்மையாத்தான் இருக்கணும், இல்லன்னா இதை இட்டுக்கட்டுற அளவுக்கு கற்பனை யாருக்கும் கெடையாதுன்னு பின்னாடி அவரே எழுதியிருக்காரு. இந்த வரிய கரும்பலகையில எழுதுறப்ப ஒவ்வொரு தடவையும் எனக்குத் தொண்டை அடைக்கும். அடுத்த வருஷம் 1914ல ராமானுஜன் கப்பல் ஏறுனாரு.

பெரியகோயில்_தெரு:

ஸ்கெப்டிகல்ங்கிறதுக்கு எங்க ஊர்ல ஒரு நல்ல உதாரணம் இருக்கு. பெரிய கோயில் விமானத்தோட நிழல் தரையில விழாதுன்னு சின்ன வயசுலேந்து கேட்டு வளர்ந்தோம். எங்க மாமா ஒருத்தரு அதை நம்பவும் இல்ல மறுக்கவும் இல்ல, என்னையக் கூட்டிட்டுப் போயி சாயங்காலம் நாலரை மணிக்கு கோயிலுக்குள்ள நிறுத்துனாரு. இருநூறு அடிக்கு மேல ஒசரம், 1010ல கட்டி முடிச்சது, அதோட நிழல் புல்லு மேல நீட்டமா விழுந்து கெடந்துச்சு. நான் அது மேலயே நடந்தேன். கோயில் மேல மரியாதை எனக்கு ஒரு துளி கூட கொறையல, கூடத்தான் செஞ்சுது, ஏன்னா அதுக்குப் பொய்ப் பெருமை தேவையே இல்ல.

கிரேக்கத்துல ஸ்கெப்டிகல்ங்கிறதுக்கு வேர் பாக்குறது, ஆராயுறதுங்கிற சொல்லு. அதனால யாராவது ஐயாம் ஸ்கெப்டிகல்னு எழுதுனா பயப்படாதீங்க, அவரு கதவ சாத்தல. காட்டச் சொல்றாரு. அமெரிக்காவுல கே போட்டு எழுதுவாங்க, இங்கிலாந்துல சி, ரெண்டுக்கும் உச்சரிப்பு ஒண்ணுதான்.

அன்பிலீவபிள் பத்தி யாரும் சொல்லல. அது குரலப் பொறுத்தது. மேட்ச்ல சிக்ஸ் அடிச்சா அன்பிலீவபிள், மூணாவது தடவையா லேட்டா வந்தவனப் பாத்து யூ ஆர் அன்பிலீவபிள்னா அது திட்டு. எழுத்துல குரல் தெரியாது, அதனால ஆபீஸ் மெயில்ல அந்தச் சொல்லத் தொடாம இருக்குறது நல்லது.

போறையார்_அலை:

ஒரு சின்ன விஷயம். ஐ டோன்ட் பிலீவ் இட், ஐ கான்ட் பிலீவ் இட் ரெண்டும் நம்ம நம்பல, நம்பவே முடியல மாதிரியேதான். நான் நம்பலன்னா பொய்யின்னு நெனக்கிறேன். என்னால நம்பவே முடியலன்னா நடந்தது நிஜம்னு தெரியும், மனசு ஏத்துக்கல. 2018 நவம்பர் 16 காலையில கஜா புயல் அடிச்சு ஓஞ்சதும் எங்க சித்தப்பா வேதாரண்யத்துலேந்து போன் பண்ணி, தென்னை ஒண்ணு கூட நிக்கலப்பான்னாரு. நாங்க எல்லாருமே சொன்னது, நம்பவே முடியலையேன்னுதான். யாரும் நம்பலன்னு சொல்லல. அந்த மனநெலைக்கு இங்கிலீஷ்ல டிஸ்பிலீஃப். அன்பிலீஃப்னு இன்னொன்னு இருக்கு, அது பெரும்பாலும் சாமி விஷயத்துல வர்றது, எங்க சர்ச்சுத் தமிழ்ல அவிசுவாசம்னு சொல்றது. ரெண்டையும் மாத்திப் போட்டுடாதீங்க.

மெயில்ல உங்களுக்கு வரக்கூடிய இன்னொரு ஜோடி டிஸ்ட்ரஸ்ட், மிஸ்ட்ரஸ்ட். ஒரு தடவ ஏமாந்துட்டு அதுக்கப்புறம் நம்பாம இருந்தா டிஸ்ட்ரஸ்ட், காரணம் தெளிவா சொல்ல முடியாம மனசு ஒட்டலன்னா மிஸ்ட்ரஸ்ட்னு பிரிப்பாங்க, ஆனா அங்க இருக்குறவங்களே பல நேரம் மாத்திதான் போடுறாங்க, இதுக்காக நீங்க தூக்கம் கெட வேணாம்.

அரசலாறு_26:

அனுப்பிட்டேன், பதிலும் வந்துடுச்சு, அதான் எழுதுறேன்.

வியாழக்கெழமை ராத்திரி எழுதுனது இது. மை எர்லியர் மெயில் யூஸ்டு தி ராங் வேர்ட், ஐயாம் சாரி. வீ சஸ்பெக்ட் தட் தி பாக்ஸஸ் வேர் ட்ராப்டு டியூரிங் லோடிங் ஆர் அன்லோடிங். அதுக்கு அடியில, நீங்க ஆர்டர் குடுத்தப்பவே பேக்கிங் பத்தி ரெண்டு தடவ சொல்லியிருக்கீங்க, நான் அதைச் சரியா புரிஞ்சுக்கல, அந்தத் தப்பு என்னோடதுன்னும் எழுதிட்டேன். இதை எழுதணுமான்னு ஓனரு யோசிச்சாரு, அப்புறம் எழுதும்மான்னுட்டாரு. கடைசியா வெளிப்பெட்டி மூலை நசுங்கியிருந்துச்சான்னு கேட்டேன்.

அவரு பதில்ல மொத வரி, தேங்க்யூ, தட் மேக்ஸ் மச் மோர் சென்ஸ். ரெண்டு பெட்டியில மூலை உள்ள போயிருந்துச்சாம், போட்டோ அனுப்பியிருக்காரு, ஆனா டெலிவரி ரசீதுல எழுதி வாங்கலையாம். காசு கழிக்கிறத இப்போதைக்கு நிறுத்தி வெச்சிருக்கேன்னு சொல்லியிருக்காரு. அதுக்கு அப்புறம் ஐயாம் ஸ்டில் ஸ்கெப்டிகல் அபௌட் தி பேக்கிங்னு ஒரு வரி. போன வாரம் இதைப் படிச்சிருந்தா போச்சுன்னு ஒக்காந்திருப்பேன். இன்னைக்கு அதுக்கு சி போட்டிருக்காரான்னு மொதல்ல பாத்தேன், போட்டிருக்காரு. அப்புறம் பத்தர்கிட்ட போயி, அவரு காட்டச் சொல்றாருன்னு சொன்னேன்.

பட்டறையில வார்ப்பு சரியா விழாத மூணடி விளக்கு ஒண்ணு கெடக்குது, உருக்கிடலாம்னு ஒதுக்கி வெச்சது. நாளைக்குக் காலையில அதை நாங்க பேக் பண்ணுற மாதிரியே பேக் பண்ணி, லாரி தட்டு ஒசரத்துலேந்து கீழ போட்டு, பிரிச்சு, மரை என்ன ஆகுதுன்னு வீடியோ எடுக்கப் போறோம். அப்புறம் தண்டுக்கும் அன்னத்துக்கும் தனித்தனியா தடுப்பு வெச்சு இன்னொரு தடவையும் போடுறதா இருக்கோம். மொத தடவையிலயே மரை தப்பிச்சுட்டா பத்தர் சொன்னதும் தப்பாயிடும். ஆனாலும் அவரே போட்டுப் பாப்பம்மான்னுட்டாரு.

திருவாரூர்_லோடு:

நல்ல வேலை தங்கச்சி. பெட்டிய ஒரே மாதிரி போடாதீங்க, ஒரு தடவ அடிப்பக்கமா, ஒரு தடவ மூலை தரையில படுற மாதிரி. மூலையில விழுறதுதான் கொல்லும். வீடியோவ பெட்டி ஒட்டுறதுலேந்து ஆரம்பிச்சு பிரிக்கிற வரைக்கும் நிறுத்தாம ஒரே ஓட்டமா எடுங்க, நடுவுல வெட்டுனா அவரு மறுபடியும் டூபியஸ்னு எழுதுவாரு. பக்கத்துல ஒரு அளவு டேப்ப நட்டு வெச்சுடுங்க, ஒசரம் தெரியட்டும்.